டீமில் இரண்டு பேர் முட்டிக்கொண்டால்: புது ப்ராஜெக்ட் மேனேஜருக்கு ஒரு வழிகாட்டி

ப்ராஜெக்ட் மேனேஜர் ஆன ஐந்தாவது மாதம், என் டீமில் ஒரு டெவலப்பருக்கும் ஒரு டெஸ்டருக்கும் பேச்சு நின்றுபோனது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். என்னையும் சேர்த்து 8 பேரை ஓர் அறையில் உட்காரவைத்து, "மனசுல இருக்கிறதை எல்லாரும் வெளிப்படையா பேசிடலாம்" என்றேன். ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் இருவரும் கைகுலுக்கினார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று நானும் மேலே சொல்லிவிட்டேன்.

பதினோராம் நாள் டெஸ்டர் வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றல் கேட்டு மெயில் அனுப்பினார். "எல்லார் முன்னாடியும் அப்படி ஆனதுக்கு அப்புறம் இங்க வேலை பார்க்க முடியல" என்று ஒரு வரி அதில் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த சண்டைகளில் தட்டுத்தடுமாறிப் பிடித்த முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நான் மென்பொருள் வேலையில் இருப்பதால் உதாரணங்கள் அங்கிருந்து வருகின்றன. டிக்கெட் என்றால் ஒரு வேலையையோ பிழையையோ பதிந்து, முடியும் வரை அதன் நிலையைக் குறித்துவைக்கும் பதிவு. வேறு துறையில் இருப்பவர்கள் அந்த இடத்தில் உங்கள் வேலைத்தாளை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

1. இது நீங்கள் தொட வேண்டிய சண்டைதானா என்று பாருங்கள்

சில சண்டைகளை நீங்கள் தொடவே கூடாது. மிரட்டல், பாலியல் சீண்டல், ஒருவருடைய பிறப்பையோ பாலினத்தையோ மதத்தையோ உடலையோ வைத்து இழிவாகப் பேசுவது ஆகியவை டீம் சண்டை அல்ல, புகார். அன்றைக்கே ஹெச்ஆரிடமோ, உங்கள் நிறுவனத்தில் அதற்கென்று இருக்கும் குழுவிடமோ போக வேண்டும். நல்ல எண்ணத்தில் "ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிவைக்கிறேன்" என்று இறங்கினால், பாதிக்கப்பட்டவரைப் பாதித்தவருக்கு எதிரே உட்காரவைத்த பாவம் உங்களைச் சேரும். புகார் சொன்னவரிடம் "நீங்க சொன்னதை நான் இன்னைக்கே முறைப்படி தெரிவிக்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள்.

தொடத் தேவையில்லாத சண்டைகளும் உண்டு. எந்த டேட்டாபேஸ் நல்லது என்று இரண்டு பேர் முக்கால் மணி நேரம் கத்திவிட்டு, சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள். அது ஆரோக்கியமான டீம்.

நடுவில் இருப்பதுதான் உங்கள் வேலை. அதற்குச் சில அடையாளங்கள் உண்டு. நேராகக் கேட்க வேண்டியதை மூன்றாவது ஆள் மூலமாகக் கேட்பார்கள். இதுவரை இல்லாத வழக்கமாக, சின்னச் சின்ன மெயில்களின் சிசி-யில் உங்கள் பெயர் ஏறும். ஒருவர் பேசும்போது மற்றவர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். வழக்கமாக எதிர்த்துப் பேசுகிறவர் எல்லாவற்றுக்கும் "ஓகே" என்பார். இந்தக் கடைசி அடையாளத்தைப் பெரும்பாலும் அமைதி திரும்பிவிட்டது என்று தப்பாகப் படித்துவிடுகிறோம்.

2. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

"இதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்பதுதான் தள்ளிப்போடுவதற்கு நாம் சொல்லும் காரணம். கணக்கு இதோ. ஆவணங்களைப் பார்க்க உங்களுக்கு ஒன்றரை மணி நேரம். தனித்தனிப் பேச்சு, ஆளுக்கு 40 நிமிடம். மூவர் கூட்டம் ஒரு மணி நேரம். அதை எழுத அரை மணி. பிறகு இரண்டு தடவை, ஆளுக்குக் கால் மணி நேரம் விசாரிப்பு. மூன்று பேருடைய நேரத்தையும் கூட்டினால் மொத்தம் 9 மணி 40 நிமிடம். உங்கள் பங்கு மட்டும் 5 மணி 20 நிமிடம்.

நான் கூட்டிய அந்தப் பெரிய கூட்டத்துக்கே 8 பேர், 8 மணி நேரம் போனது. கிடைத்தது ஒரு கைகுலுக்கல்.

நாள் கணக்கு: அடையாளம் தெரிந்ததிலிருந்து 2 வேலை நாட்களுக்குள் தனிப்பேச்சு, ஒரு வாரத்துக்குள் மூவர் கூட்டம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இன்று மாலை டெலிவரி என்றால் இன்று இருவரையும் பிரித்து வேலை கொடுங்கள், நாளைக் காலை ஆரம்பியுங்கள். "இந்த ரிலீஸ் முடியட்டும்" என்று மட்டும் விடாதீர்கள். இது முடிவதற்குள் அடுத்த ரிலீஸ் வந்து நிற்கும்.

3. ஆட்களிடம் போகும் முன் காகிதத்தைப் பாருங்கள்

பேசுவதற்கு முன் இவற்றைத் திறந்து வையுங்கள்:

- சண்டை நடந்த டிக்கெட்டின் முழு வரலாறு: யார், எப்போது, எந்த நிலைக்கு மாற்றினார், என்ன எழுதினார்
- தேவை ஆவணமும் அதன் பழைய பதிப்புகளும், யார் எந்தத் தேதியில் திருத்தினார் என்பதோடு
- அந்த விஷயம் பேசப்பட்ட கூட்டங்களின் குறிப்பு
- யாருக்கு எது பொறுப்பு என்ற அட்டவணை, இருந்தால்
- நீங்கள் அனுப்பிய மெயில்களும் சாட் செய்திகளும்

கடைசி வரியை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறேன். காரணம் 5-ஆவது படியில் வரும்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, டீமில் மற்றவர்களிடம் சாட்சி கேட்கப் போவது. "அன்னைக்கு அவர் என்ன சொன்னாரு?" என்று நாலு பேரிடம் கேட்டால், சாயங்காலத்துக்குள் இரண்டு கட்சி உருவாகியிருக்கும். இன்னொன்று, உங்கள் குறிப்பில் அபிப்பிராயம் எழுதுவது. "அலட்சியமாக நடந்துகொண்டார்" என்று எழுதாதீர்கள். "டிக்கெட்டை 3 முறை விளக்கம் இல்லாமல் மூடினார்" என்று எழுதுங்கள். இருவரில் யார் கண்ணில் பட்டாலும் உங்களுக்குச் சங்கடம் வராத மாதிரி இருந்தால் அது சரியான குறிப்பு.

4. தனித்தனியாக, ஆனால் ஒரே நாளில்

இருவரையும் ஒரே நாளில், அடுத்தடுத்துப் பாருங்கள். ஒருவரை இன்றும் மற்றவரை நாளையும் பார்த்தால், இரண்டாமவர் ராத்திரி முழுக்க "என்னைப் பத்தி என்ன சொல்லியிருப்பாங்க" என்று யோசித்துக்கொண்டு வருவார். அழைக்கும்போது "கொஞ்சம் பேசணும்" என்று மொட்டையாக அனுப்பாதீர்கள். வேலை போகப்போகிறதோ என்று பயந்துவிடுவார்கள். "பேமெண்ட் வேலையில ரெண்டு பேருக்கும் இழுபறியா இருக்கிறதா எனக்குப் படுது. உங்க பக்கத்தைக் கேட்கணும். அவங்ககிட்டயும் இன்னைக்கே பேசுறேன். முடிவு எதுவும் இன்னைக்கு எடுக்கப்போறதில்லை." இவ்வளவும் அழைப்பிலேயே இருக்கட்டும்.

தூரத்திலிருந்து வேலை செய்கிறவர் என்றால் வீடியோவில் பேசுங்கள். எழுத்தில் எல்லாமே ஒரு சுற்று கடுமையாகத் தெரியும் என்பதால் சாட் வேண்டாம்.

நான் கேட்பது நாலே கேள்வி. கடைசியா என்ன நடந்தது, வரிசையா சொல்லுங்க. அதனால உங்க வேலையில எது நின்னுபோச்சு? அவங்க பக்கத்துல என்ன காரணம் இருக்கும்னு நினைக்கிறீங்க? அடுத்த வாரம் எது ஒண்ணு மாறினா உங்களுக்குப் போதும்?

மூன்றாவது கேள்விக்குப் பலரும் "தெரியல" என்பார்கள். அவசரப்பட்டு நிரப்பாமல் பொறுத்திருங்கள். ஒருமுறை ஒருவர் அரை நிமிடம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "அவருக்கு ஒருவேளை அந்த மாத்தம் தெரியாமலே இருக்கலாம்" என்றார். பாதிச் சண்டை அந்த இடத்திலேயே முடிந்தது.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். 1-ஆவது படியில் சொன்ன மாதிரி ஏதாவது வெளியே வந்தால் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். "நீங்க வேண்டாம்னு சொல்றதை அவங்ககிட்ட சொல்லமாட்டேன், ஆனா விதிப்படி தெரிவிக்க வேண்டியது இருந்தா தெரிவிப்பேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, தலையாட்டுவது. கேட்கிறேன் என்பதற்காக நாம் ஆட்டும் தலையை "மேனேஜரே என் பக்கம்" என்று எடுத்துக்கொள்வார்கள். அரை மணிக்கு ஒருமுறையாவது "கேட்டுக்கிட்டேன், இன்னும் முடிவு பண்ணல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

5. முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது?

என் கருத்தில் முழு வேலையும் இங்கேதான். "அவங்க ரெண்டு பேருக்கும் ஒத்துவராது" என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். ஆனால் ப்ராஜெக்ட் சண்டைகளைப் பற்றித் தாம்ஹைன், வைல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1975-இல் வெளியிட்ட ஆய்வில் மேலே நின்றவை கால அட்டவணை, எது முதலில் என்ற முன்னுரிமை, ஆள் பங்கீடு ஆகியவை. குணம் ஒத்துப்போகாதது பட்டியலில் கீழேதான் வந்தது. என் சொந்த அனுபவமும் அதையேதான் சொல்கிறது.

அந்த டெஸ்டர் கிளம்பும்போது, வேலையை ஒப்படைப்பதற்காக டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். பணம் திருப்பிக் கேட்கும் படிவத்துக்கான டிக்கெட் ஒன்று 4 நாளில் 7 முறை மூடித் திறக்கப்பட்டிருந்தது. "காரணம்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டாலும் படிவம் போகிறது என்பது புகார். ஐந்தாம் முறை திறந்தபோது டெஸ்டர் எழுதியிருந்தார்: "ஆவணத்தை ஒருமுறையாவது படிக்கவும்." டெவலப்பர் பதில்: "மேனேஜரிடம் கேளுங்கள்." மூடினார்.

தேவை ஆவணத்தைத் திறந்தேன். காரணம் கட்டாயம் என்றுதான் இருந்தது. பிறகு என் சாட்டைத் தேடினேன். மூன்று வாரத்துக்கு முன் டெவலப்பருக்கு நானே அனுப்பியிருந்த செய்தி கிடைத்தது: "கிளையண்ட்கிட்ட பேசிட்டேன், காரணம் கட்டாயம் வேண்டாம், டாக்குமெண்ட்டை நான் மாத்திடுறேன்."

மாற்றவில்லை. டெஸ்டர் ஆவணப்படி சரி, டெவலப்பர் என் பேச்சுப்படி சரி. ஒருவருக்கு மற்றவர் சோம்பேறியாகத் தெரிந்தார், மற்றவருக்கு இவர் வேண்டுமென்றே குடைகிறவராகத் தெரிந்தார். நானோ நாட்டாமை மாதிரி நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் பொறுமையைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

ஆகவே முதலில் உங்களையே தேடுங்கள். வாய்மொழியாக மாற்றிய முடிவு, ஒருவரிடம் மட்டும் சொன்ன தேதி, இரண்டு பேரிடமும் "இது உங்க பொறுப்பு" என்று சொன்ன வேலை. இப்படி ஏதாவது கிடைத்தால், மூவர் கூட்டத்தில் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் தப்பு இல்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது பொறுப்பு அட்டவணை. ரேசி என்று சொல்வார்கள். ஒவ்வொரு வேலைக்கும் செய்கிறவர் யார், இறுதியில் பதில் சொல்ல வேண்டியவர் யார், யாரிடம் ஆலோசனை கேட்க வேண்டும், யாருக்குத் தகவல் மட்டும் போதும் என நாலு கட்டம். பதில் சொல்ல வேண்டியவர் என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். இரண்டு பெயர் இருந்தாலோ, கட்டம் காலியாக இருந்தாலோ சண்டை அங்கிருந்துதான் வருகிறது. அடுத்ததாக "முடிந்தது" என்ற வார்த்தை. நிரல் (கோடு) எழுதியதும் முடிந்ததா, சோதித்ததும் முடிந்ததா, வெளியிட்டதும் முடிந்ததா? இது எழுதிவைக்கப்படாத டீமில் எல்லோரும் மனசாட்சிப்படி உண்மை பேசிக்கொண்டே ஒருவரையொருவர் பொய்யர் என்று நினைப்பார்கள்.

6. எந்த வழியில் தீர்ப்பது

ப்ராஜெக்ட் மேனேஜ்மெண்ட் சான்றிதழ் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு ஐந்து வழிகள் தெரிந்திருக்கும்: விலகிக்கொள்வது, தணித்துவிடுவது, ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுப்பது, உத்தரவு போடுவது, சேர்ந்து உட்கார்ந்து காரணத்தையே தீர்ப்பது. தேர்வில் பெரும்பாலும் கடைசி வழிதான் விடை. வேலையில் ஐந்தும் தேவைப்படும். சர்வர் விழுந்து கிடக்கும்போது உத்தரவுதான் சரி. ஒரு வாரத்தில் முடியப்போகும் வேலையில் சின்ன உரசல் என்றால் விலகிக்கொள்ளலாம்.

நான் எச்சரிப்பது "ஆளுக்குப் பாதி" பற்றி. தேதி, ஆள், வேலைச்சுமை இவற்றில் அது நன்றாக வேலை செய்யும். தொழில்நுட்ப முடிவில் செய்யாதீர்கள். ஒருவர் ஒரு லைப்ரரி (ஏற்கெனவே எழுதிவைத்த நிரல் தொகுப்பு) வேண்டும் என்கிறார், மற்றவர் இன்னொன்று. சமாதானத்துக்காக இரண்டையும் வைத்தால், போகிற காலம் வரை இரண்டையும் பராமரிக்க வேண்டும். அங்கே யார் முடிவெடுப்பது என்பதைத் தீர்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

7. மூவர் கூட்டம்

மூன்றே பேர். கதவு மூடிய அறை, கண்ணாடி அறை வேண்டாம். எதிரெதிரே உட்காரவைக்காமல், இருவரும் திரையைப் பார்க்கிற மாதிரி பக்கத்துப் பக்கத்தில் உட்காரட்டும். திரையில் டிக்கெட்டோ ஆவணமோ திறந்திருக்கட்டும். முகத்தைப் பார்த்துப் பேசினால் "நீங்க" என்றுதான் வாக்கியம் தொடங்கும், திரையைப் பார்த்துப் பேசினால் "இது" என்று தொடங்கும்.

நேரப் பங்கீடு: முதல் 5 நிமிடம் நீங்கள். உங்கள் தப்பு இருந்தால் ஒப்புக்கொள்வதும் இதில்தான். பிறகு ஆளுக்கு 7 நிமிடம், குறுக்கே பேசக்கூடாது. அனுபவம் குறைந்தவர் முதலில் பேசட்டும். மூத்தவர் தொடங்கினால் இளையவர் தன் கதையைச் சுருக்கிக்கொள்வார். அடுத்து, கேட்டதை மற்றவர் திருப்பிச் சொல்ல 5 நிமிடம். செயற்கையாகத் தெரியும், ஆனாலும் விடாதீர்கள். மீதி நேரம் முழுக்க இனிமேல் என்ன என்பதற்கு.

ரிவ்யூ இல்லாமல், அதாவது இன்னொருவர் சரிபார்க்காமல், நிரலைச் சேர்த்ததால் வந்த ஒரு சண்டையில் இப்படிப் போனது. இளையவர், "நீங்க எப்பவுமே என் வேலையை மதிக்கிறதில்லை" என்று ஆரம்பித்தார். "எப்பவுமே வேண்டாம், ஒரு தேதி சொல்லுங்க" என்றேன். யோசித்து, "போன செவ்வாய்க்கிழமை. என் ஃபைலை ரிவ்யூவுக்கு அனுப்பாம மாத்திட்டீங்க. மறுநாள் டெமோவுல கேள்வி கேட்டப்ப எனக்குப் பதில் தெரியல" என்றார். மூத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டெமோவுல உங்களைக் கேட்டாங்கன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றார். நடந்த நேரம், செய்த செயல், அதனால் வந்த விளைவு என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

குரல் ஏறினால் 10 நிமிடம் இடைவேளை. இரண்டாவது முறையும் ஏறினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். தானாக வந்தால் வரட்டும்.

8. அன்றைக்கே அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள்

வாய்ப்பேச்சில் முடிந்தது வாய்ப்பேச்சிலேயே கலையும். அறையை விட்டு வெளியே வந்த அன்றே மூவருக்கு மட்டும் போகும் மெயில். யார் மேல் தப்பு என்ற வரலாறு அதில் வேண்டாம். நான் அனுப்பியது இந்த அளவுதான்:

"1. பேமெண்ட் ஃபைல்களில் எந்த மாற்றமும் ரிவ்யூ இல்லாமல் சேராது. 2. ரிவ்யூ கேட்ட 4 வேலை மணி நேரத்துக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் எனக்கு ஒரு செய்தி. 3. அவசரத் திருத்தம் என்றால் முதலில் ஒரு போன், பிறகு மாற்றம். 4. தேவையில் மாற்றம் வந்தால் நான் ஆவணத்தைத் திருத்திய பிறகே வேலை தொடங்கும். இதில் ஏதாவது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் நாளை மாலைக்குள் திருத்துங்கள்."

நாலாவது வரி எனக்கானது. மேனேஜருக்கும் ஒரு வரி இருந்தால்தான் மற்ற இருவரும் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். டீம் முழுவதற்கும் பொருந்துகிற விதி ஏதாவது வந்தால், அதைப் பெயர் சொல்லாமல் டீமின் பொதுவான விதிகளில் தனியாகச் சேருங்கள்.

9. மூன்றாம் நாளும் இரண்டாம் வாரமும்

காலண்டரில் இப்போதே போட்டுவிடுங்கள். தனித்தனியாக, ஆளுக்குக் கால் மணி. "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டால் "சரியா இருக்கு" என்றுதான் பதில் வரும். "கடைசி ரிவ்யூ எத்தனை மணி நேரத்துல வந்துச்சு?" என்று கேளுங்கள். அவர்கள் நண்பர்களாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேலை நிற்காமல் கைமாறினால் போதும்.

10. அப்படியும் தீராவிட்டால்

இரண்டாம் வார விசாரிப்பிலும் எழுதிய வரிகள் மீறப்பட்டிருந்தால் எஸ்கலேட் செய்யுங்கள், அதாவது உங்கள் மேலதிகாரியிடம் கொண்டுபோங்கள். இன்னொரு சமாதானக் கூட்டம் வேண்டாம். மேலே போகும் மெயிலில் 4 விஷயம் இருந்தால் போதும்: என்ன தடைபடுகிறது, தேதிக்கு என்ன பாதிப்பு, இதுவரை என்ன செய்தோம், உங்களிடம் என்ன முடிவு வேண்டும். குணச்சித்திரம் எழுதாதீர்கள். அனுப்பப்போகிறேன் என்று இருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதுகுக்குப் பின்னால் போனது என்று தெரிந்தால், அடுத்த முறை யாரும் உங்களிடம் வாய் திறக்கமாட்டார்கள்.

ஒருவரை மாற்றுவதுதான் வழி என்று முடிவானால், வேலை ஒப்படைக்க 2 வாரமாவது அட்டவணையில் ஒதுக்குங்கள். வருகிறவர் வேகம் பிடிக்க அதற்கு மேலும் ஆகும். போகிறவர் "தோற்றவர்" என்று தெரியாதபடி, அறிவிப்பில் புது வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

தீர்ந்துபோன சண்டையை வருட மதிப்பீட்டில் எடுக்காதீர்கள். அது வரும் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், 4-ஆவது படியில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே பதில் "ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் போகுது."